பழைய மர இருக்கைகள், நாற்பத்தாறு

மணலி பெட்டகக் கிடங்கில்
பதினோரு மணி வெயிலில் முத்திரையை வெட்டினார்கள்.
முதலில் வெளியே வந்தது வாசனைதான்:
மெழுகு, நனைந்த கம்பளி,
எந்த ஆண்டோ அணைந்த சாம்பிராணி.
சுங்க அதிகாரி தணிகாசலம் மூக்கைச் சுளித்தார்.
"என்னய்யா சரக்கு?"
கோப்பைப் பார்த்துப் படித்தேன்.
பழைய மர இருக்கைகள், நாற்பத்தாறு.
அனுப்பிய நாடு அயர்லாந்து.
பூச்சிமருந்துச் சான்றிதழ் இணைப்பு.

மந்திரித்த பொருளா என்று கேட்க
படிவத்தில் கட்டம் இல்லை.
தொண்ணூற்று நாலு, பூஜ்யம் ஒன்று.
சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் அதே எண்தான்.

ஒரு பெஞ்சை இறக்கும்போது
அடியில் மடித்திருந்த பலகை
தட் என்று விழுந்தது.
தோலுறையில் இரண்டிரண்டாகக் குழிகள்.
ஃபோர்க்லிஃப்ட் ஏழுமலை விரலால் தடவிப் பார்த்து,
"இது எதுக்கு சார்?"
முட்டி போட.
"அய்யோ, எத்தனை பேரு!
என்னா தப்பு பண்ணாங்க?"

படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.
செசிலி அக்கா, கார்க் நகரத்தில் நர்ஸ்,
இரவுப் பணி முடித்து, பஸ் இரைச்சலோடு பேசி அனுப்பினாள்:

"இங்க தினம் ஒண்ணு பூட்டுறாங்கடா.
எங்க பூசைக்குச் சாமியார் ராமநாதபுரத்துக்காரர்,
பாடுறது கேரளா,
காணிக்கைத் தட்டு பிலிப்பைன்ஸ்.
ஊர்க்காரங்க கெட்டவங்க இல்ல.
கோபம். கோபப்பட நியாயமும் இருக்கு.
கோபம் ஆறிடுச்சு, ஆனா திரும்பி வரல, அவ்வளவுதான்.
நேத்து ஒருத்தர், கடைசி நேரம்,
ஜெபிக்கட்டுமான்னு கேட்டேன்.
வேண்டாம், ஜன்னலைத் திற என்றார்.
திறந்தேன். மழை.
சரி, நீ பூசைக்குப் போறியா?"

இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது,
கேட்காத மாதிரி இருக்கவும் முடியாது.

ஞாயிறு ஏழரைக்கு
மகளுக்கு அண்ணா நகரில் கோச்சிங்.
எதிர் டீக்கடையில் நிற்பேன்.
ராயபுரத்துப் பாதிப் பங்கு அங்கேதான்:
பாடற்குழு சகாயம், கொடியேற்றக் கமிட்டி மரியதாஸ்,
நற்கருணை வீரர் சபையில் எனக்குத் தலைவனாயிருந்த பிரகாசி.
டாஸ்மாக் வாசலில் பார்த்துக்கொண்டவர்கள் போலத்
தலையை மட்டும் அசைத்துக்கொள்வோம்.
எங்களுக்கு ஆண்டவர் மேல் கோபமில்லை.
யாரும் எதையும் மறுக்கவில்லை.
ஃபீஸ் கட்டியாகிவிட்டது.

சாயங்காலப் பூசைக்குப் போகலாம் அக்கா என்று
தட்டிவிட்டு, அழித்தேன்.
"வேலை இருக்கு, அப்புறம் பேசுறேன்."

எர்ணாவூர்ப் பங்குச்சாமிக்குப் போன் போட்டேன்.
ஞாயிற்றுக்கிழமை தெருவரை நிற்கிற கூட்டம் அங்கே.
ரெண்டு பெஞ்ச் தள்ளுபடியில் பேசித் தரவா சாமி?
எவ்வளவு?
ஒண்ணு முப்பத்தெட்டாயிரம்.
சிரித்தார்.
"நம்ம ஜனம் தரையில உட்கார்ந்துக்கும்ப்பா.
நீ வந்தா உனக்கும் இடம் போடுவாங்க."

நாற்பது ஈசிஆர் காபிக் கடைக்குப் போனது.
கல்யாண ஸ்டுடியோவுக்கு நாலு.
ஒன்று உடைந்திருந்தது.
இன்னொன்றை யார் எடுத்தார்கள் என்று
கோப்பில் இல்லை.

தேர்வு முடிந்த அன்று மகள் கேட்டாள்,
அந்தக் கடைக்கே போனோம்.
மஞ்சள் விளக்கு, முகம் தெரியாத இசை,
பெஞ்சின் முதுகில் பாட்டுப்புத்தகம் வைக்கும் இடத்தில்
மெனு கார்டு.
பலகையில் ஷூவை வைத்து அவள் போனைப் பார்த்தாள்.
கீழே குனிந்தேன், விழுந்த டிஷ்யூவை எடுக்க.
மரத்தின் அடியில் கல்லான பபிள்கம்,
பக்கத்தில் ஆணியால் கீறிய ஒரு பெயர்,
பிரசங்கம் எவ்வளவு நீளமாய் இருந்திருக்கும்!
எனக்குச் சிரிப்பு வந்தது.

பின்னால் யாரோ எழுந்தார்கள், பலகை
தட் என்று விழுந்தது.

கடையில் யாரும் நிமிரவில்லை.
நான் நிமிர்ந்தேன்.
மூலை மேசையில் நரைத்த ஒருவர்,
அவரும்.
அவர் கை நெற்றிவரை போய்
கண்ணாடியைச் சரிசெய்தது.

பிறகு அவர் தன் கேக்கைப் பார்த்தார்.
நான் பில் கேட்டேன்.